பிளர்ஸ்ட் என்றால் ஒன்றுமில்லை

பிளர்ஸ்ட், குவெம்ப், ஸ்னெம்ப்.

அகராதியைத் திறக்க வேண்டாம். இந்தச் சொற்கள் அதில் கிடையாது. கிடையாது என்பதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டவை இவை. 2012 ஜூன் மாதம், இங்கிலாந்தில் அரசு நிதியில் நடக்கும் பள்ளிகளின் முதலாம் ஆண்டுக் குழந்தைகள், அதாவது ஐந்து ஆறு வயதுப் பிள்ளைகள், ஆசிரியருக்கு எதிரே ஒவ்வொருவராக உட்கார்ந்து இவற்றை உரக்க வாசித்தார்கள். சோதனையின் பெயர் ஃபோனிக்ஸ் ஸ்கிரீனிங் செக். மொத்தம் 40 சொற்கள்: 20 நிஜச் சொற்கள், 20 போலிச் சொற்கள். ஒவ்வொரு போலிச்சொல்லின் பக்கத்திலும் ஒரு கற்பனைப் பிராணியின் படம் இருக்கும். பள்ளிக்கூடங்களில் அவற்றுக்கு ஏலியன் சொற்கள் என்றே பேர். 32 சொற்களைச் சரியாகச் சொன்னால் தேறியதாகக் கணக்கு. தேறாதவர்கள் அடுத்த வருஷம் மறுபடி வாசிக்க வேண்டும்.

இதைக் கேள்விப்பட்டதும் இலக்கியம் படிக்கிற யாருக்கும் முதலில் வருவது கோபம்தான். குழந்தைக்குக் கதை கொடுக்காமல் குப்பையைக் கொடுத்து வாசிக்கச் சொல்வதா? இங்கிலாந்திலேயே கவிஞர் மைக்கேல் ரோசன் போன்றவர்கள் பல ஆண்டுகளாக இதை எதிர்த்து எழுதிவருகிறார்கள். ரோசன் 2007 முதல் 2009 வரை அந்நாட்டின் 'சிறார் அரசவை எழுத்தாளர்' பொறுப்பில் இருந்தவர். அவருடைய எதிர்ப்பை லேசாகத் தள்ளிவிட முடியாது.

ஆனால் இந்தச் சோதனைத்தாளை ஒரு பிரதி மாதிரி எடுத்துவைத்து நிதானமாக வாசித்தால் எனக்கு வேறொன்று தெரிகிறது. இந்த 40 சொற்களில் மிக நேர்மையானவை அந்தப் போலிச்சொற்கள்தான். கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது.

*

முதலில் ஒரு சின்னப் பரிசோதனை. 'நுபேடகம்'. இந்தச் சொல்லை இப்போதுதான் இட்டுக்கட்டினேன். தமிழ் வாசிக்கத் தெரிந்த நீங்கள் ஒரு நொடிகூடத் தடுமாறியிருக்க மாட்டீர்கள். தமிழில் ககரமும் டகரமும் இடத்துக்கு இடம் கொஞ்சம் ஒலி மாறும். மற்றபடி எழுதியிருப்பதை அப்படியே சொல்லிவிடலாம். அதனால்தான் நம் ஊரில் 'எழுத்துக்கூட்டிப் படிக்கிறான்' என்பது பாராட்டாக இல்லாமல் ஒரு குறையாக இருக்கிறது. அந்தப் படியை நாம் சீக்கிரம் தாண்டிவிடுகிறோம்.

ஆங்கிலத்தில் அந்தப் படியே ஒரு மலை. 26 எழுத்துகள், ஏறத்தாழ 44 ஒலிகள். ஒரே ஒலிக்குப் பல எழுத்துக்கூட்டல்கள், ஒரே எழுத்துக்கூட்டலுக்குப் பல ஒலிகள். 'தோ', 'த்ரூ', 'காஃப்', 'பவ்' ஆகிய நான்கு சொற்களும் ஒரே நான்கு எழுத்துகளில் முடிகின்றன என்றால் நம்பக் கஷ்டம்தான். போதாததற்கு எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு. நம் வகுப்பறைகளில் பல தலைமுறைகளாக 'சி, ஏ, டி, கேட்' என்று கோரஸ் பாடினோமே, அந்த மூன்று பெயர்களையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். 'சீயேட்டீ' வரும், பூனை வராது. எழுத்தின் பெயரை விட்டுவிட்டு ஒலியைச் சொல்லிக்கொடு, ஒலிகளைக் கூட்டக் கற்றுக்கொடு என்பதுதான் ஃபோனிக்ஸ். 2006இல் ஜிம் ரோஸ் தலைமையில் வந்த அறிக்கை, இதை ஒழுங்குமுறையாகக் கற்பிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆறு ஆண்டுகள் கழித்துச் சோதனையும் வந்தது.

சரி, கூட்டத் தெரிகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நிஜச்சொல்லைக் காட்டினால் குழந்தை அதை ஏற்கெனவே பார்த்து மனப்பாடம் செய்திருக்கலாம். படக்கதையைக் கொடுத்தால் படத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். ராத்திரி ராத்திரி அம்மா வாசித்துக் காட்டிய புத்தகத்தை ஒரு எழுத்தும் தெரியாமலே பக்கம் தவறாமல் ஒப்பிக்கும் குழந்தைகளை எல்லா வீட்டிலும் பார்க்கலாம். அது அழகான விஷயம். ஆனால் வாசிப்பு இல்லை. இதற்கு முன் யாரும் பார்த்தே இராத ஒரு சொல்லைக் காட்டினால்தான் இரண்டையும் பிரிக்க முடியும். பிளர்ஸ்டின் வேலை அவ்வளவுதான்.

*

இந்தக் கறார்த்தனம் எதற்கு எதிர்வினையாக வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1967இல் அமெரிக்கக் கல்வியாளர் கென் குட்மன், வாசிப்பு என்பது ஒருவகை ஊக விளையாட்டு என்று ஒரு கட்டுரை எழுதினார். திறமையான வாசகர் ஒவ்வொரு எழுத்தையும் பார்ப்பதில்லை, பொருளையும் இலக்கணத்தையும் வைத்து அடுத்த சொல்லை யூகிக்கிறார் என்பது அவர் வாதம். நியூசிலாந்தின் மேரி கிளேயும் இதே திசையில் ஒரு மதிப்பீட்டு முறையை உருவாக்கினார். குழந்தை வாசிக்க வாசிக்க ஆசிரியர் பக்கத்தில் இருந்து குறித்துக்கொண்டே வருவார். தப்பாகச் சொன்ன சொல், பொருளுக்குப் பொருந்துகிறதா, வாக்கிய அமைப்புக்குப் பொருந்துகிறதா, எழுத்துக்குப் பொருந்துகிறதா என்று மூன்று கட்டங்களில் பதிவார். 'குதிரை' என்று இருக்கும் இடத்தில் குழந்தை 'மட்டக்குதிரை' என்று சொன்னால் முதல் இரண்டு கட்டங்களிலும் அது பொருந்திவிடும். பரவாயில்லை, அர்த்தம் வந்துவிட்டதே!

கேட்க எவ்வளவு இலக்கியத்தனமாக இருக்கிறது, இல்லையா? பிரதியோடு வாசகர் உரையாடுகிறார், பொருளைத் தானே உருவாக்குகிறார். நாம் கோட்பாட்டு வகுப்புகளில் கேட்டுச் சிலிர்த்த வாக்கியங்கள் மாதிரியே இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், யூகம் தடுமாறுகிற வாசகரின் ஊன்றுகோல். நன்றாக வாசிப்பவர் எழுத்துகளைப் பார்க்காமல் தாவுவதில்லை, பார்ப்பது தெரியாத அளவுக்கு வேகமாகப் பார்க்கிறார் என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. படங்கள் இருக்கிற வரை யூகித்து ஓட்டிய குழந்தை, படமில்லாத புத்தகம் கைக்கு வரும்போது மாட்டிக்கொள்கிறது. எமிலி ஹான்ஃபோர்ட் 2022இல் வெளியிட்ட 'சோல்ட் எ ஸ்டோரி' என்ற ஒலித்தொடர் அமெரிக்காவில் கிளப்பிய அதிர்ச்சி இதைப் பற்றியதுதான். வீட்டில் தனி டியூஷனுக்குக் காசு இருந்தவர்கள் தப்பித்தார்கள். இல்லாதவர்களின் பிள்ளைகள் 'கொஞ்சம் மந்தம்' என்ற முத்திரையோடு மேல்வகுப்புக்குப் போனார்கள்.

இதனால்தான் போலிச்சொல்லை நேர்மையானது என்கிறேன். சோதனையில் உள்ள நிஜச்சொற்களைப் பாருங்கள். அவற்றுக்குச் சரியான உச்சரிப்பு ஒன்றுதான்; அந்தச் சொல்லை முன்பே காதால் கேட்டிருந்தால் சுலபம். புத்தகங்கள் நிறைந்த வீட்டுப் பிள்ளைக்கு அங்கே ஒரு சலுகை ஒளிந்திருக்கிறது. போலிச்சொல்லில் அது இல்லை. எழுத்துகளுக்குப் பொருந்துகிற எந்த உச்சரிப்பையும் ஆசிரியர் ஏற்கலாம். வட்டார உச்சரிப்பையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. குவெம்ப் யார் வீட்டிலும் புழங்காத சொல். பிரபு வீட்டுப் பிள்ளையும், வீட்டில் தமிழோ வங்காளமோ பேசும் லண்டன் பிள்ளையும் அதன் முன்னால் சமம். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத குழந்தைகள் இந்தச் சோதனையில் மற்றவர்களுக்குக் கிட்டத்தட்ட இணையாகவே தேறிவருகிறார்கள் என்பது தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன்.

இன்னொரு நுணுக்கம். அர்த்தமில்லாத சொல்லைத் தயாரித்தவர்களுக்கே அதைத் தனியாக விட மனம் வரவில்லை, பக்கத்தில் ஒரு பிராணியை வரைந்தார்கள். 'இது அதன் பெயர்' என்று சொன்ன கணத்திலேயே சொல்லுக்கு ஒரு பொருள் வந்துவிடுகிறதே! லூயிஸ் கரோல் 1871இல் இட்டுக்கட்டிய சொற்களுக்குச் சுற்றிலும் வாக்கியங்கள் இருந்தன. இங்கே வாக்கியம் இல்லை, ஒரு படம் மட்டும். ஆனாலும் பெயரைக் கேட்ட குழந்தை அந்தப் பிராணி என்ன சாப்பிடும் என்று யோசிக்க ஆரம்பித்தால், சோதனைக்கு வெளியே ஒரு கதை தொடங்கிவிட்டது.

*

அப்ப கோளாறு எங்கே? 32 என்ற எண்ணில்.

2012, 2013 ஆகிய இரு ஆண்டுகளும் தேர்ச்சி மதிப்பெண் 32 என்பது ஆசிரியர்களுக்கு முன்கூட்டியே தெரியும். மதிப்பெண் தருவதும் அவர்கள்தான். முடிவுகளை வரைபடமாகப் போட்டபோது ஒரு வேடிக்கை தெரிந்தது. 31 பெற்ற குழந்தைகள் மிகக் குறைவு. 32இல் திடீரென்று ஒரு கோபுரம். இயற்கையாக அப்படி வரவே வராது. எதிரே உட்கார்ந்து திணறுகிற ஆறு வயதுக் குழந்தைக்கு ஒரு மதிப்பெண் கூட்டிப்போட்ட ஆசிரியரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கோபுரம் அளப்பது குழந்தையை இல்லை, பள்ளியின் மேல் இருந்த அழுத்தத்தை. 2014 முதல் தேர்ச்சி மதிப்பெண்ணைச் சோதனை முடிந்த பிறகுதான் அறிவிக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு ஆண்டும் அதே 32தான். ஊரறிந்த ரகசியம்!

தேர்ச்சி விகிதம் 2012இல் 58 சதவீதம், 2019இல் 82. பெருந்தொற்றுக்குப் பிறகு 2022இல் 75க்கு இறங்கி, 2024இல் 80. முதல் ஏழு ஆண்டு ஏற்றத்தில் நிஜமான கற்றல் எவ்வளவு, பயிற்சி எவ்வளவு? பள்ளிகள் ஏலியன் சொற்களை அட்டையில் எழுதி மாதக்கணக்கில் பழக்கத் தொடங்கிவிட்டன. பெற்றோருக்கு விற்கும் பயிற்சிப் புத்தகங்களும் வந்துவிட்டன. போலிச்சொல்லின் பலமே அதை யாரும் பார்த்ததில்லை என்பதுதானே? அதற்கும் வகுப்பு எடுத்தால், வாசிப்புக்குச் செலவாக வேண்டிய நேரம் எதற்கும் உதவாத சொற்களுக்குப் போகிறது. ஒரு கருவி எதை அளக்கிறதோ அதையே அது தின்ன ஆரம்பிக்கிறது.

கல்வி அமைச்சகத்துக்காகத் தேசியக் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் செய்த மதிப்பீடு 2015இல் வந்தது. குழந்தைகளின் எழுத்தறிவு இந்தச் சோதனையால்தான் கூடியது என்று தெளிவாகச் சொல்லும்படியான சான்று எதுவும் அதில் கிடைக்கவில்லை. இன்னொரு பக்கம், பல நாடுகளின் பத்து வயதுக் குழந்தைகளை ஒப்பிடும் பிர்ல்ஸ் ஆய்வில் 2021இல் இங்கிலாந்து நான்காம் இடம் பெற்றபோது அமைச்சர்கள் ஃபோனிக்ஸுக்கு மாலை போட்டார்கள். மதிப்பெண்ணைப் பார்த்தால் 2016இல் 559, 2021இல் 558. இங்கிலாந்து ஏறவில்லை, பெருந்தொற்றில் மற்ற பலர் சரிந்தார்கள். சரியாமல் நின்றதே பெரிய காரியம்தான். ஆனால் அந்தப் பெருமையை ஆறு வயதில் நடக்கும் சில நிமிடச் சோதனைக்குத் தூக்கிக்கொடுப்பது அரசியல்.

*

1986இல் பிலிப் கஃப், வில்லியம் டன்மர் இருவரும் வாசிப்பை ஒரு எளிய வாய்பாடாகச் சொன்னார்கள். எழுத்தைக் கூட்டும் திறன் பெருக்கல் மொழியைப் புரிந்துகொள்ளும் திறன். கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம்.

இதற்கு மில்டன் வீட்டைவிட நல்ல உதாரணம் இல்லை. 1652க்குள் அவருக்குப் பார்வை முழுக்கப் போய்விட்டது. மகள்கள் அவருக்குக் கிரேக்கமும் லத்தீனும் ஹீப்ருவும் உரக்க வாசித்துக் காட்டினார்கள், பொருள் தெரியாமலே, என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். மகள்களுக்குக் கூட்டத் தெரியும், புரியாது. அப்பாவுக்குப் புரியும், கூட்டக் கண் இல்லை. அந்த அறையில் வாசிப்பு நடந்தது, ஆனால் யாரும் வாசகராக இல்லை. அந்தப் பெண்களுக்கு அது எவ்வளவு சலிப்பாக இருந்திருக்கும்! ஃபோனிக்ஸ் சோதனையில் அவர்கள் 40க்கு 40 வாங்கியிருப்பார்கள்.

பிரிட்டனின் நேஷனல் லிட்டரசி டிரஸ்ட் 2024இல் 8 முதல் 18 வயது வரை உள்ளவர்களிடம் கேட்டபோது, ஓய்வு நேரத்தில் வாசிப்பது பிடிக்கும் என்று சொன்னவர்கள் 34.6 சதவீதம். 2005இலிருந்து கேட்டுவருகிறார்கள், அதுவரை வந்ததில் குறைவு அதுதான். இதற்கு ஏலியன் சொற்கள்தான் காரணம் என்று சொன்னால் அது அபத்தம். கையில் செல்போன் இருக்கிறது, மூடப்பட்ட பொது நூலகங்கள் இருக்கின்றன. ஆனால் பெருக்கலின் இரண்டாம் எண்ணை அரசு ஆறு வயதில் அளப்பதில்லை. ஐந்து நிமிடத்தில் அளக்கவும் முடியாது. அளக்க முடியாததைப் பள்ளிகள் மறந்துபோகின்றன.

நம் ஊரிலும் இப்போது தெருவுக்குத் தெரு ஃபோனிக்ஸ் வகுப்பு போர்டு தொங்குகிறது. சேர்க்கலாம், தப்பில்லை; 'சீயேட்டீ'யைவிட நிச்சயம் நல்லது. ஆனால் ஆங்கிலத்தைக் காதால் கேட்டே இராத குழந்தைக்கு 'கேட்' என்று கூட்டி முடித்ததும் பூனை எதுவும் வந்து நிற்பதில்லை. அவளைப் பொறுத்தவரை எல்லா ஆங்கிலச் சொல்லும் ஏலியன் சொல்தான். கூட்டக் கற்றுக்கொடுத்த அதே நாளில் அந்த மொழியில் யாராவது அவளோடு பேசவும் வேண்டும், ஒரு கதையாவது சொல்லவும் வேண்டும். சான்றிதழில் அதற்குக் கட்டம் கிடையாது.

பிளர்ஸ்ட் என்ன சொல்ல வந்ததோ அதைச் சரியாகச் சொல்கிறது: இந்தக் குழந்தையால் கதவைத் திறக்க முடியும். உள்ளே போவாளா என்று அதனிடம் கேட்கக் கூடாது.