கல்லுப்பு உரித்த வண்ணம்

1942 மார்ச் 23 அன்று ஜப்பானியர் போர்ட் பிளேரைப் பிடித்தார்கள். பின்னாலேயே அவர்களின் கவானிஷி எச்6கே கடல்விமானங்களும் அந்தத் துறைமுகத்தில் இறங்கின. நான்கு எஞ்சின், நாற்பது மீட்டர் இறக்கை. நான் செய்யும் 1/72 அளவு மாதிரியில் இறக்கை மட்டும் சுமார் 56 சென்டிமீட்டர்!

உடலுக்கு மேலே கம்பித் தாங்கல்களில் நிற்கும் அந்த இறக்கையைக் கோணாமல் ஒட்டுவது பெரிய வேலைதான். ஆனால் என் மனம் லயிப்பது வண்ணத்தில். முதலில் வெள்ளிப்பூச்சு. காய்ந்ததும் ஈரப்படுத்தி, நுணுக்கிய கல்லுப்பைத் தூவுவேன், நீர்க்கோட்டருகே சற்றுத் தாராளமாக. உப்பு காய்ந்து ஒட்டியதும் மேல்வண்ணம். பிறகு முரட்டுத் தூரிகையால் தேய்த்தால் உப்பு உதிரும். உதிர்ந்த இடமெல்லாம் உலோகம் பளிச்சிடும். அந்தமான் கடல் அரித்த தகடு அப்படியே கண்முன் வந்துவிடும்.