ஒட்டும் உறவும்

மரத்தையும் மனித உறவையும் ஒரே சொல்லால் சுட்டும் வழக்கம் மொழிகள் பலவற்றில் உண்டு. இலத்தீனில் 'ஸ்டிர்ப்ஸ்' என்பது அடிமரம், குலமும் அதுவே. 'ப்ரொப்பாகோ' என்பது பதியம், சந்ததியும் அதுவே. 'சுபோலெஸ்' தளிரையும் மகவையும் ஒருங்கே குறிக்கும். தமிழும் இவ்வளத்தில் குறைந்ததன்று. கிளையிலிருந்து கிளைஞர் தோன்றினர். மகவு கான்முளை, குடிக்குப் பெருமை சேர்ப்பவன் குலக்கொழுந்து, தலைமுறைத் தொடர்ச்சி கொடிவழி.

அழகிய சொற்களே; ஆயினும் அவற்றுள் ஒரு குறை உண்டு. ஒரே வேரில் முளைத்ததை மட்டுமே அவை உறவென ஏற்கின்றன. வேற்று மரத்துக் கிளைக்கு அங்கே இடம் யாது?

புனித பவுல் உரோமையர் திருமுகத்தின் 11-ஆம் அதிகாரத்தில் தீட்டும் ஒலிவ மர உருவகம் இவ்வினாவுக்கு விடை தருகிறது. பிற இனத்தாராகிய காட்டு ஒலிவக் கிளைகள் நாட்டு ஒலிவ மரத்தில் ஒட்டப்பட்டன என்கிறார் அவர். நகரில் வளர்ந்த பவுலுக்கு வேளாண்மை தெரியாது எனக் குறை கூறுவோர் உளர். நாட்டு மாங்கன்றில் உயர்ந்த இனத்துக் கொம்பை ஒட்டுவதன்றோ உழவர் வழக்கம்? பவுல் அதனைத் தலைகீழாக்குகிறார். ஆனால் இது இயற்கைக்கு மாறானது என்பதை 24-ஆம் வசனத்தில் அவரே ஒப்புகிறார். எனவே இது அறியாமையன்று. உருவகத்தின் உயிர்நாடியே இதுதான். கிளையின் தகுதியால் அன்று, இறையருளாலேயே ஒட்டு நிகழ்கிறது.

இலத்தீன் கவிஞர் ஓவிட், மரத்தில் ஒட்டுக்கட்டுவதைத் தத்தெடுத்தலுக்குரிய சொல்லாலேயே குறித்தார். தமிழிலும் 'ஒட்டும் உறவும்' இணைபிரியாச் சொற்கள். எனினும் உறவை முறிக்கும் வேளையில்தான் 'ஒட்டுமில்லை, உறவுமில்லை' என அவற்றை நாம் பெரிதும் எடுத்தாளுகிறோம்!

பனியன் தொழிலை நாடி ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார் மாநிலங்களிலிருந்தும் நம் தென்மாவட்டங்களிலிருந்தும் திருப்பூருக்கு வந்தோர் பலர். நம்மோடு ஒரே பந்தியில் நற்கருணை உண்ணும் அவர்களுள் எத்தனை பேரின் பெயரை நாம் அறிவோம்? யூதரல்லாத நாம் அனைவருமே ஒட்டுக்கிளைகள். முன்னே ஒட்டப்பட்ட கிளை, பின்னே வந்த கிளையை அயலென்று ஒதுக்குவது எவ்வாறு பொருந்தும்? கிளை பெருமை பாராட்டலாகாது எனப் பவுல் எச்சரித்தது, வேர் அதற்குச் சொந்தமன்று என்பதாலேயே.