சிரிப்பின் திசை: மௌனப்பட நகைச்சுவையும் ஊவாத் தோட்டங்களும்

நகைச்சுவை எல்லார்க்கும் பொதுவானது என்பர். ஆயின், சிரிப்பவர் யார், சிரிக்கப்படுபவர் யார் எனும் வினா எழுந்ததும் அப்பொதுமை கலைந்துவிடுகிறது. மௌனப்பட நகைச்சுவையில் பல இனத்தவரும் தோன்றினர் என்பதனால் மட்டும் அவர்கள் பிரதிநிதித்துவம் பெற்றனர் எனக் கொள்ளலாகாது. பதுளை, பசறை, ஹாலிஎல ஆகிய பகுதிகளின் தோட்ட மக்கள் 'தோட்டக்காட்டான்' எனும் ஏளனத்தை நெடுநாள் கேட்டவர்கள். அவர்தம் அனுபவம் இவ்வினாவை நோக்குதற்குத் தக்கதோர் உரைகல்லாகும்.

முதலில் பேர்ட் வில்லியம்ஸை நோக்குவோம். பகாமாஸில் பிறந்த இக்கறுப்பினக் கலைஞர், மேடையிலும் திரையிலும் தம் முகத்தில் கரி பூசியே தோன்றினார். 1913 இல் எடுக்கப்பட்டு முடிவுறாது விடப்பட்ட அவரது படச்சுருள்களை நியூயோர்க் நவீன கலைக் காட்சியகம் 2014 இல் காட்சிப்படுத்தியது. அவற்றிற் கறுப்பின நடிகர் பலர் தம் இயல்பான தோற்றத்துடன் ஆடி மகிழ்கின்றனர். நாயகராகிய வில்லியம்ஸ் மாத்திரமே கரி பூசியுள்ளார். கறுப்பர் திரையிடம் பெற்றனர்; ஆனால் அவர்களுள் முதன்மையானவர், வெள்ளையர் வகுத்த முகமூடியை அணிந்தே அவ்விடத்தைப் பெற வேண்டியிருந்தது.

சார்ளி சப்ளின் 1917 இல் எடுத்த 'குடியேறி' இதனின்றும் வேறுபட்டது. சுதந்திர தேவியின் சிலை கண்ணிற்பட்டதும், கப்பல் அதிகாரிகள் ஏழைப் பயணிகளை மந்தைபோற் கயிற்றால் வளைக்கின்றனர். சப்ளின் அதிகாரியை உதைக்கிறார். இங்கு சிரிப்பு மேல்நோக்கிச் செல்கிறது. அக்கயிற்றை ஊவாவின் தொழிலாளர் இனங்காண்பர். கங்காணிக்குரிய கடனைக் காட்டிய 'துண்டு', 1921 இல் ஒழிக்கப்படும்வரை அவர்களைப் பிணித்த ஒரு கயிறு. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மற்றொன்று. நாடற்றவராய் எஞ்சியோர் 2003 ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருந்தனர். எனினும், ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும். அதே 1917 இல் அமெரிக்கா இயற்றிய குடிவரவுச் சட்டம், இந்தியர் உள்ளிட்ட ஆசிய மக்கள் பலரைத் தடைசெய்தது. சப்ளினின் கப்பலில் எம்மவர்க்கு இடமிருக்கவில்லை.

மௌனப்படத்தில் ஏளனம் பெரிதும் தோற்றத்தையும் உடையையும் பற்றி நின்றது. பேசும்படம் வந்தபின் அது பேச்சுவழக்கினையும் பற்றிக்கொண்டது. இலங்கைத் தமிழ்த் திரையில் 1976 இல் வெளிவந்த 'கோமாளிகள்', மரிக்கார், உபாலி, அப்புக்குட்டி, ஐயர் எனும் நால்வரது பேச்சு வேறுபாடுகளை நகைச்சுவையாக்கி மக்களின் வரவேற்பைப் பெற்றது. அந்நால்வருள் மலையகத் தொழிலாளி ஒருவனல்லன். ஏளனத்துக்கு இலக்காகாமை ஒரு விடுதலையாகத் தோன்றலாம். ஆயின், நாட்டினர் கூடிச் சிரிக்கும் அவையில் இடம்பெறாமையும் ஒரு விலக்கேயாகும்.

இதனால் தோட்ட மக்கள் நகையுணர்வு அற்றவர் என்பது பொருளன்று. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலையக நாட்டார் பாடல்கள் இதற்குச் சான்று. கங்காணியையும் துரையையும் எள்ளும் குரல் தோட்டப்புறப் பாடல் மரபில் நெடுங்காலமாக ஒலிப்பதாகும். சப்ளினின் உதைக்கு நிகரானது அவ்வெள்ளல். பாடலில் வாழும் அந்நகை மேடைக்கும் திரைக்கும் வருதல் வேண்டும். அதனை எழுதுவோரும் நடிப்போரும் அம்மக்களாகவே இருத்தல் வேண்டும். திறனாய்வாளர், பாத்திரங்களின் எண்ணிக்கையோடு அமையாது, சிரிப்பு யாரை நோக்கிச் செல்கிறது என்பதையும் ஆராய்தல் கடனாகும்.