ததீயாராதனமும் அன்னதானமும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

புதுக்கோட்டைச் சீமையில் ஆழ்வார் பாசுரம் பெற்ற திவ்யதேசம் திருமெய்யம் ஒன்றே. அதனை மங்களாசாசனம் செய்தருளியவரும் திருமங்கையாழ்வார் ஒருவரே. அவ்வாழ்வாருடைய வைபவத்தில் எல்லோரும் அறிந்த செய்தி, குமுதவல்லி நாச்சியார் விதித்தபடி ஓராண்டுக் காலம் நாள்தோறும் 1008 ஸ்ரீவைஷ்ணவர்களை அமுது செய்வித்தது. பின்பழகிய பெருமாள் ஜீயரின் ஆறாயிரப்படி குருபரம்பராப்ரபாவம் இதனை விரிவாகப் பேசுகிறது. அரசனுக்குச் செலுத்த வேண்டிய பகுதிப்பணம் அதற்கே செலவாயிற்று. அதுவும் தீர்ந்தபின் வழிபறித்தும் அவ்வாராதனம் நடந்தது. இதற்கு நம் பெரியோர் இட்ட பெயர் ததீயாராதனம். அன்னதானம் என்று அவர்கள் இதனை வழங்கினாரல்லர்.

இப்போது திருமெய்யத்தைச் சுற்றிய ஊர்களிலும், அவ்வூர்களிலிருந்து சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளுக்குச் சென்றோர் கூடுமிடங்களிலும், முதற்சொல் வழக்கொழிந்து இரண்டாவது சொல்லே நிலைபெற்றுவிட்டது. 2002-இல் தமிழகத் திருக்கோயில்களில் அரசு தொடங்கிய திட்டத்தின் பெயரும் அன்னதானத் திட்டம் என்பதே. அதனால் அச்சொல்லுக்கு அலுவலக முத்திரையும் கிடைத்தது. ‘பெயரில் என்ன இருக்கிறது, பசித்தவன் உண்டால் போதாதா’ என்று கேட்பார் உளர். பசித்தவனுக்கு வேறுபாடு இல்லைதான். இட்டவனுக்கு உண்டு.

தானம் என்னுமிடத்தில் கொடுப்பவன் கர்த்தா, ஸங்கல்பம் அவனுடையது, பலனும் அவனைச் சேர்வது. ஏற்பவனுடைய கை தாழ்ந்திருக்கும். ப்ரதிக்ரஹம் வாங்குகிறவனுக்குத் தோஷம் உண்டென்று தர்மசாஸ்த்ரம் எச்சரிப்பதும் இந்நிலை பற்றியே. ஆராதனம் என்றால் இம்முறை தலைகீழாகிறது. உண்பவர் ஆராத்யர், இடுபவன் தாஸன். அவர் எழுந்தருளி அமுது செய்வது இவனுக்குச் செய்த உபகாரம். அவர் உண்டு மிகுந்தது இவனுக்கு ப்ரஸாதம். திருமந்த்ரத்தின் நமஸ்ஸில் பாகவத சேஷத்வத்தை அநுஸந்திக்க வேண்டும் என்று முமுக்ஷுப்படி காட்டுகிறது. அவ்வர்த்தம் இலையில் பரிமாறப்படும் இடமே ததீயாராதனம். திருவாய்மொழி 3-7, 8-10 ஆகிய இரு பதிகங்களுக்கும் ஈட்டில் நம்பிள்ளை அருளிச்செய்தவற்றைக் காலக்ஷேபமாகக் கேட்டவர்களுக்கு இது புதிதன்று. எனினும் கேட்டவர் வீட்டு அழைப்பிதழிலும் ‘அன்னதான உபயம்’ என்றே அச்சாகிறது.

கடல் கடந்த கூட்டங்களைப் பற்றிய விமர்சனம் பெரும்பாலும் வேறிடத்தில் தொடங்குகிறது. ஸமுத்ரயானத்தைப் பதிதனாக்கும் செயல்களுள் ஒன்றாக போதாயனர் எண்ணியிருப்பதை எடுத்துக்காட்டி, அங்கே நடப்பது கோஷ்டியே அன்று, பொழுதுபோக்கு என்று சொல்லும் வயதானோர் இன்னும் உளர். ஆனால் அக்கடல் கடந்து வரும் பணத்துக்கு மட்டும் ப்ராயச்சித்தம் கேட்டதாகத் தெரியவில்லை. பாகவதனுடைய பிறப்பை ஆராய்வதை அர்ச்சாவதாரத்தின் உபாதானம் இன்னதென்று ஆராய்வதோடு ஒப்பிட்டு விலக்கியது ஸ்ரீவசநபூஷணம். பிறப்பையே ஆராயலாகாதெனின், பிழைப்புக்குச் சென்ற நாட்டை ஆராய்வது எங்ஙனம் பொருந்தும்? மேலும், ஸ்ரீரங்கத்தை விட்டுப் பிரிந்திருப்பது இந்த ஸம்ப்ரதாயத்துக்குப் புதிதன்று. எம்பெருமானாரே மேல்நாட்டில் திருநாராயணபுரத்தில் நெடுங்காலம் எழுந்தருளியிருந்தார். கோயில்வாஸத்தையும் ஆசார்யனையும் பிரிந்து திருமலைக்குப் புஷ்பகைங்கர்யத்துக்குப் போக ஒருப்பட்டவர் அனந்தாழ்வான். அவர் போனது கைங்கர்யத்துக்கு, இவர்கள் போனது கூலிக்கு என்ற வேற்றுமை உண்மையே. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் கூலிக்குப் போனவன் வாரத்தில் விடுப்பு கிடைக்கும் ஒரே மாலையில் ஸஹஸ்ரநாமத்துக்கும் திருப்பாவைக்கும் வந்து அமர்கிறான் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

சிங்கப்பூர் சிராங்கூன் சாலையிலுள்ள ஸ்ரீநிவாஸப் பெருமாள் கோயில் இங்கு நல்ல உதாரணம். 1855-இல் நரஸிம்மப் பெருமாள் கோயில் என்ற பெயரோடு தோன்றிய அது 1978-இல் அந்நாட்டின் தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அங்கே கூட்டம் பெருகும். தைப்பூசத்தன்று காவடியும் பால்குடமும் புறப்படுவதும் அப்பெருமாள் ஸந்நிதியிலிருந்துதான். சென்றடைவது, நகரத்தார் 1859-இல் டேங்க் சாலையில் எழுப்பிய தெண்டாயுதபாணி கோயில். தேவதாந்தர ஸம்பந்தம் என்று முகம் சுளிப்பதற்கு இது இடமாகலாம். முகம் சுளிப்பவர் திருமெய்யத்தை ஒருமுறை ஸேவித்து வரட்டும். ஸத்யகிரியின் அதே பாறையைக் குடைந்தே பள்ளிகொண்ட மெய்யரும், அருகில் ஸத்யகிரீசுவரரும் எழுந்தருளியிருக்கிறார்கள். இரு கோயிலாருக்கும் இடையே நெடுநாள் நடந்த வழக்கு 13-ஆம் நூற்றாண்டில் தீர்க்கப்பட்டதைக் கல்வெட்டு சொல்கிறது. வழக்கு இருந்தது, தீர்வும் இருந்தது. எவரும் பாறையை விட்டுப் போகவில்லை. ஸ்ரீவைஷ்ணவனுடைய அநந்யார்ஹ சேஷத்வம் அவனுடைய நிஷ்டை. தன் முற்றத்தில் யார் காவடி எடுக்கலாம் என்பது பெருமாளுடைய ஸ்வாதந்த்ர்யம்.

அங்கே விமர்சிக்கத் தக்கது வேறு. அக்கோயில் உட்பட நான்கு கோயில்களை நிர்வகிக்கும் இந்து அறக்கட்டளை வாரியம், போதைப் பழக்கத்திலிருந்து மீள்வோருக்கான இல்லம் ஒன்றையும் நடத்துகிறது. தைப்பூச வழியெங்கும் தண்ணீர்ப்பந்தல்கள் நிற்கின்றன. இவையெல்லாம் நல்ல காரியங்கள், இல்லையென்பார் இல்லை. ஆனால் வெளிநாட்டுக் கூட்டங்களில் பேசுவோர் இவை அனைத்தையும் ‘கைங்கர்யம்’ என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறார்கள். ரத்ததானமும் கைங்கர்யம், நாற்காலி எடுத்துப் போடுவதும் கைங்கர்யம். சொல் விரிய விரிய அர்த்தம் மெலிகிறது. ஸேஷியினுடைய முகமலர்த்தியைப் பற்றி, அவன் உகப்புக்காகச் செய்யும் சேஷவ்ருத்தியே கைங்கர்யம் என்பது பூர்வாசார்ய ஸித்தாந்தம். திருப்பாவை 29-ஆம் பாசுர வ்யாக்யானங்களோ இன்னும் கடுமையாக, கைங்கர்யத்திலேயே ‘எனக்கு உகப்பு’ என்ற நினைவு கலந்தால் அதுவும் கழியுண்ண வேண்டிய களை என்கின்றன. இந்த அளவுகோலை வைத்தால், செய்த பணியின் படத்தை அன்றிரவே ஊருக்கு அனுப்பும் வழக்கம் எந்தக் கணக்கில் சேரும்? இங்கேயும் கதை அதுவே. குழல்விளக்கின் மேல் ஒளி வெளிவராதபடி உபயதாரர் பெயரை எழுதும் ஊர் நம்முடையது. சிங்கப்பூரைக் குறை சொல்ல அதற்கு யோக்யதை போதாது.

எதிர்வாதம் ஒன்று வலுவுடையது. ததீயர் என்றால் பாகவதர். சிங்கப்பூரில் பந்தியில் அமரும் கட்டடத் தொழிலாளர் எந்த மதத்தவரோ, எந்த நிஷ்டையினரோ. அவர்களைத் ததீயர் என்பது சொல்லை வலிந்து நீட்டுவதாகாதோ? ஆகும். சரீர–சரீரி பாவத்தைக் கொண்டு உலகனைத்தும் அவனுடையதே என்று சாதித்து, அதனால் எல்லோருக்கும் இடுவது ததீயாராதனமே என்று முடிப்பது மேடைக்கு இனிக்கும். வ்யாக்யாதாக்கள் அவ்விதம் பாகவதர் என்ற சொல்லைக் கரைத்துவிடவில்லை. பொதுவில் பசித்தோர்க்கு இடுவதற்கு வேறு இடம் உண்டு. திருப்பாவை இரண்டாம் பாசுரம் நோன்பின் க்ருத்யங்களில் ஈகையையும் சேர்த்தது. அதில் வரும் இரு சொற்களைத் தக்கார்க்கு இடுவது என்றும், ப்ரஹ்மசாரிகளுக்கும் ஸந்ந்யாஸிகளுக்கும் இடுவது என்றும் பெரியவாச்சான் பிள்ளை பிரித்தருளினார். ஆக, பசித்தவனுக்கு இடுதல் நோன்பிருப்பவனின் கடமை; பாகவதனை அமுது செய்வித்தல் அவனுக்குக் கிடைத்த பேறு. இரண்டையும் ஒன்றாக்க வேண்டியதில்லை. அன்னதானம் என்ற சொல்லையும் ஒழிக்க வேண்டியதில்லை. ஆட்சேபம், கோயில் தளிகையில், ஆழ்வார் திருநக்ஷத்ரத்தில், ப்ரபந்த கோஷ்டி முடிந்து பந்தி அமரும் வேளையிலும் அந்தச் சொல்லையே பலகையில் எழுதி, ஓதின அத்யாபகரையும் தானம் வாங்க வந்தவராக்குவதில்தான். தொகை கொடுத்தவர் முதல் வரிசையில் அமர்ந்து மாலை பெற, ஓதினவர் இலைக்குக் காத்து நிற்கும் காட்சி இந்தச் சொல்மாற்றத்தின் பலன்.

இவ்விஷயத்தில் வெளிநாட்டுக் கூட்டங்கள் சிலவற்றில் நம்மூரில் காணாத ஒரு நன்மை உண்டு. பரிசாரகர் கிடையாதாகையால், அலுவலில் உயர்ந்தவரும் தாழ்ந்தவரும் முறைவைத்துத் தாமே சமைத்து, தாமே பரிமாறி, எல்லோரும் எழுந்தபின் கடைசியில் உண்கிறார்கள். தாங்கள் செய்வதன் பெயர் அவர்களுக்குத் தெரியாமலிருக்கலாம். செய்வது ததீயாராதன க்ரமம். பெயரை அறிந்தவர்களாகிய நாம் சமையலைக் குத்தகைக்கு விட்டுவிட்டுப் பந்தியை மேற்பார்க்கிறோம்.

கார்த்திகையில் க்ருத்திகை திருமங்கையாழ்வாரின் திருநக்ஷத்ரம். அன்றைய தளிகைக்குப் பணம் அனுப்ப விரும்பும் வெளிநாட்டு அன்பர்களுக்குப் பதில் எழுதுவோர், வங்கிக் கணக்கு எண்ணைத் தருமுன், ‘தேவரீர் வந்து பரிமாற இயலுமா’ என்று ஒரு வரி கேட்கலாம். இயலாதவர்கள் தாம் இருக்கும் ஊரிலேயே ஸ்ரீவைஷ்ணவர் இருவரை எழுந்தருளப்பண்ணி அமுது செய்வித்து, பின்னர்த் தாம் உண்ணலாம். அதற்கு ரசீது போட வேண்டியதில்லை.