போதையனார் கர்ணமும் இரண்டு கோணங்களும்

நாகப்பட்டினத்தில் எங்கள் சொந்தக்காரர்கள் வாட்ஸ்ஆப் குழுவில் இந்தச் செய்தி வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது வந்துவிடும்: பித்தாகரஸுக்கு முன்பே வர்க்கமூலம் இல்லாமல் கர்ணம் கண்டவர் போதையனார். விதி எளிது. செங்கோண முக்கோணத்தின் நீளப் பக்கத்தை எட்டாக்கி ஒரு பங்கைத் தள்ளு, மீதியோடு சின்னப் பக்கத்தில் பாதியைக் கூட்டு.

உதாரணம் எப்போதும் 3, 4, 5 தான். தாராள மனசுக்காரர்கள் 5, 12, 13 போடுவார்கள். 8, 15 போட்டு நான் பார்த்ததில்லை. போட்டால் 17 வரவேண்டிய இடத்தில் 17.125 வரும்.

ஏன்? சின்னப் பக்கத்தைப் பெரிய பக்கத்தால் வகுத்து வரும் விகிதத்தை 'வி' என்று வையுங்கள். விதி சரியாக இருக்க √(1 + வி²) = 7/8 + வி/2 ஆகணும். ரெண்டு பக்கமும் வர்க்கப்படுத்திச் சுருக்கினால் 48வி² − 56வி + 15 = 0. பத்தாம் வகுப்புக் கணக்கு. வி = 3/4 அல்லது 5/12; மூணாவது விடை கிடையாது. நீளப் பக்கத்துக்கும் கர்ணத்துக்கும் நடுவில் உள்ள கோணமாகச் சொன்னால் 36.87°, 22.62°. ஆக, செய்தியில் வரும் உதாரணங்களைத் தவிர (அவற்றின் மடங்குகள் சேர்த்து) வேறெங்கும் விதி துல்லியமில்லை. 45° முக்கோணத்தில் 2.77% குறையும். பரீட்சையில் இதை நம்பிப் போடும் பிள்ளைக்கு மார்க் போகும்.

அதற்காகக் குப்பை என்று ஒதுக்குவதும் எனக்கு ஒப்பவில்லை. அந்த ரெண்டு கோணத்துக்கும் இடையில் விடை எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே வரும். அதிகபட்சம் 29.7° பக்கத்தில், 0.78% மட்டும். 12 அடிக் கைமரத்தில் ஒரு அங்குலம் சொச்சம். மரத்தை அறுத்துக் குறைக்கலாம், நீட்ட முடியாது! ஓட்டுக்கூரைச் சரிவுக்கு 30° ஒன்றும் அந்நியமில்லை. தச்சர் கைக்கணக்காக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். கணிப்பொறியிலும் வர்க்கமூலத்தைத் தவிர்க்க இதே ஜாதி உத்தி உண்டு. 'ஆல்பா மேக்ஸ் பிளஸ் பீட்டா மின்' என்பார்கள்.

கணக்கதிகாரத்தில் வட்டத்துக்குச் சொன்ன விதி, பாதிச் சுற்றளவைப் பாதி விட்டத்தால் பெருக்குவது, எந்த வட்டத்துக்கும் துல்லியம். அதைப் பாராட்டுகிற வாயாலேயே இதைத் 'தேற்றம்' என்றால் ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் போகும். பெருமைப்படுகிறவர்கள் ஒன்று செய்யலாம்: அந்தப் பாட்டை எந்தச் சுவடியில், எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தது என்று சேர்த்து அனுப்பலாம். எனக்கு வந்த ஒரு செய்தியிலும் அது இல்லை.