இறந்தவரின் ஹோட்டல் பாயின்ட்கள் யாருக்கு?

வேலை நிமித்தம் ஊர் ஊராகப் போய்த் தங்குபவரின் கணக்கில் ஹோட்டல் பாயின்ட்கள் லட்சக்கணக்கில் சேர்ந்துவிடும். உயிலில் ஒரு வரி எழுதி வைத்தால் அவை பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும் என்று நம்புகிறவர்கள் உண்டு. தனக்குச் சொந்தமானதைத்தானே ஒருவர் உயிலில் எழுத முடியும்? மாரியட் ஹோட்டல் நிறுவனத்தின் ‘பான்வாய்’ உறுப்பினர் திட்ட விதிகளோ, சேர்ந்த பாயின்ட்கள் உறுப்பினரின் சொத்தே இல்லை என்கின்றன. அதனால் இறப்புக்குப் பின் குடும்பத்துக்கு ஏதாவது கிடைத்தால் அது நிறுவனம் பார்த்துத் தரும் சலுகை. கிடைக்காவிட்டால் கேட்க நாதியில்லை.

அந்தச் சலுகையை ஹோட்டல்காரர்கள் ஓரளவு தாராளமாகவே தருகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். விமான நிறுவனங்களோடு ஒப்பிட்டால் இது தெரியும்: டெல்டா 2013-இல் இறந்தவரின் பயண மைல்களை மாற்றித் தருவதையே நிறுத்தியது. ஹில்டனிலோ ஓராண்டுக்குள் இறப்புச் சான்றிதழோடும் உறுதிமொழிப் பத்திரத்தோடும் கேட்டால் இன்னொரு உறுப்பினரின் கணக்குக்குப் பாயின்ட்கள் போகும். ஹயாத்தும் 12 மாத அவகாசம் தருகிறது. ஆனால் பெறுபவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். அவரும் இறந்தவரின் முகவரியிலேயே வசிப்பவராக இருக்க வேண்டும்.

இந்த முகவரி விதி கொஞ்சம் நின்று பார்க்கத் தக்கது. கணவனை இழந்த மனைவிக்கு இதில் சிக்கல் இல்லை. மனைவியை முன்பே இழந்து, தனி வீட்டில் இருந்த அப்பா போய்விட்டால்? மகள் ஒரு ஊரில், மகன் வேறொரு ஊரில். ஈமக்கடன் செய்த பிள்ளைகள் இருவருமே ஹயாத்தின் கண்ணில் வெளியாட்கள். சிகாகோவைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்துக்கு, பிள்ளைகள் வளர்ந்ததும் வீட்டைவிட்டுப் போய்விடுவார்கள் என்பது தெரியாத விஷயமா என்ன!

ஆனாலும் அந்த விதிக்குப் பின்னால் ஒரு நியாயம் இருக்கிறது. யார் வாரிசு, யாருக்கு எத்தனை பங்கு என்று தீர்ப்புச் சொல்லும் வேலை ஹோட்டலின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு உரியதல்ல. முகவரியை மட்டும் பார்த்தால் இரண்டு தாள்களில் வேலை முடிந்துவிடும். அண்ணன் தம்பி சண்டை உள்ளே வராது. பாயின்ட்களைச் சட்டப்படி சொத்து என்று ஆக்கினால் மதிப்பீடு, பங்கு பிரிப்பு எல்லாம் தொடரும். 40,000 பாயின்ட்டை மூன்றாகப் பிரித்தால் பல இடங்களில் ஒருவருக்கும் உருப்படியாக ஓர் அறைகூடத் தேறாது. அறை வாடகையைக் கொடுத்தது பல நேரம் அலுவலகம்தான் என்பதும் உண்மை. முதலாளி பணத்தில் வந்த இனாமுக்கு மகன் உரிமை கோருவதில் கொஞ்சம் நெருடல் இருக்கத்தான் செய்கிறது.

ஆனால் ‘இனாம்’ என்ற வாதம் 1983-இல் ஹாலிடே இன் நிறுவனமும் மாரியட்டும் இத்தகைய திட்டங்களைத் தொடங்கிய காலத்துக்குச் சரி. இன்று மாரியட் தன் பாயின்ட்களை விலைக்கே விற்கிறது: வழக்கமான விலை ஆயிரத்துக்கு 12.50 டாலர். கிரெடிட் கார்டு வழியாக வங்கிகளும் வாங்குகின்றன. 2023 இறுதியில் மாரியட்டின் கணக்கேட்டில் இந்தத் திட்டத்துக்கான கடப்பாடு ஏறத்தாழ 700 கோடி டாலர். விற்கும்போது விலை, கணக்கேட்டில் கடன், உறுப்பினர் இறந்ததும் மதிப்பில்லாத காகிதம் என்றால் எப்படி? யாரும் கேட்டு வராமல் போகும் பாயின்ட்களை முன்கூட்டியே மதிப்பிட்டு வருவாயில் சேர்க்கவும் கணக்கியல் விதிகள் இடம் தருகின்றன. குடும்பத்துக்குத் தகவல் சொல்ல நிறுவனம் ஏன் அவசரப்படப் போகிறது?

வழக்குப் போடலாமா? நார்த்வெஸ்ட் விமான நிறுவனம் – கின்ஸ்பெர்க் வழக்கில், அந்த நிறுவனத்தின் மைல் திட்டத்திலிருந்து நீக்கப்பட்டவரின் நல்லெண்ணக் கடமை மீறல் வாதத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014-இல் ஏற்கவில்லை. அதற்குக் காரணமான 1978-ஆம் ஆண்டு விமானச் சட்டத்தின் கவசம் ஹோட்டல்களுக்குக் கிடையாது. இருந்தும், நான்கு இரவுத் தங்கலுக்காக யார் வக்கீல் வைப்பார்கள்?

நடைமுறையில் பலர் செய்வது வேறு. இறப்பைச் சொல்லாமல், இறந்தவரின் கடவுச்சொல்லைப் போட்டு உள்ளே போய் அறை பதிவு செய்துவிடுகிறார்கள். விதிப்படி தவறு, ஆனால் வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. உண்மையைச் சொல்லிப் போன் செய்பவர்தான் சான்றிதழ், பத்திரம், கெடு என்று அலைகிறார். நேர்மையானவரை அலையவிட்டு, வாய் திறக்காதவருக்கு அறை கொடுப்பதுதான் இந்த ஏற்பாட்டின் மிகப் பெரிய ஓட்டை என்று நான் நினைக்கிறேன்.

வாரிசுத் தகராறு என்ற சாக்கு உயிரோடு இருப்பவர்கள் விஷயத்தில் எங்கே போகிறது என்றும் தெரியவில்லை. ஹில்டனில் ஒருவர் இன்னும் பத்துப் பேரோடு சேர்ந்து பாயின்ட்களை ஒரே இடத்தில் குவிக்கலாம், கட்டணமே இல்லை. ஹயாத்திலும் இரு உறுப்பினர்கள் 30 நாளுக்கு ஒருமுறை பாயின்ட்களைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒரே வீட்டில் இருக்கிறீர்களா என்று அப்போது யாரும் கேட்பதில்லை. வங்கிக் கணக்குப் படிவத்தில் இருப்பதுபோல் ‘நாமினி’ என்று ஒரு கட்டத்தை உறுப்பினர் படிவத்தில் சேர்த்தால், முகவரி விதிக்கும் வேலையில்லை, உறுதிமொழிப் பத்திரத்துக்கும் வேலையில்லை. யாருக்கு என்பதை உறுப்பினரே எழுதிக் கொடுத்திருப்பார்.