படிகத்துக்கு அடியில் ஒரு பாதை

தில்லி சுற்றுலாப் பேருந்துகள் வந்து நிற்கும் இடங்களில் ஒன்று, சஃப்தர்ஜங் சாலை 1ஆம் எண் வீடு. இந்திரா காந்தி பிரதமராக இருந்தபோது வாழ்ந்த வீடு, இப்போது நினைவு அருங்காட்சியகம். உள்ளே போனதும் பக்கத்தில் யாராவது சொல்வது காதில் விழும்: "இவ்ளோ சிம்பிளா இருக்கே!"

அங்கேயே அருங்காட்சியகம் தன் வேலையை ஆரம்பித்துவிடுகிறது. படிக்கும் அறை, வரவேற்பறை, சாப்பாட்டு அறை என்று எல்லாவற்றையும் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே நகர்கிறோம். நாடாளுமன்றத்தில் அவர் தலைவர். சாப்பாட்டு மேசைக்கு முன்னால் ஒரு அம்மா, ஒரு பாட்டி. வீடு என்கிற வடிவத்தின் பலமே இதுதான். குடிமகனாக உள்ளே வருகிறவரை அது சொந்தக்காரராக மாற்றிவிடும். துக்கவீட்டில் போய் யாராவது கேள்வி கேட்பார்களா?

பிறகு அந்தப் புடவை. 1984 அக்டோபர் 31 காலை அவர் கட்டியிருந்தது, ரத்தக் கறையோடு. வெளியே தோட்டத்தில் அவர் கடைசியாக நடந்த பாதை. பேட்டி எடுக்க பீட்டர் உஸ்தினோவ் காத்திருக்க, பக்கத்து அக்பர் சாலை பங்களாவை நோக்கி நடந்தார். மெய்க்காவலர்களே சுட்டார்கள். பாதை முழுக்கப் படிகம் பதித்திருக்கிறார்கள். விழுந்த இடத்தில் மட்டும் தெளிந்த கண்ணாடி. அங்க நிக்கும்போது எனக்கும் தொண்டை அடைத்தது. அதை மறைக்கவில்லை.

ஆனால் ஒரு கதையை எங்கே முடிக்கிறோம் என்பதும் அரசியல்தான். இதே வீட்டில் இருந்துகொண்டுதான் அவர் அவசரநிலையை முடிவு செய்தார். 1975 ஜூன் 25 இரவு குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டார். அமைச்சரவைக்கே மறுநாள் காலையில்தான் தெரியும். அந்த இரவுக்கு இங்கே படிகப் பாதை கிடையாது. படுகொலை நடந்து சில நாட்களுக்குள் இதே நகரத்தில் சீக்கியர்கள் தெருத்தெருவாக வேட்டையாடப்பட்டார்கள். தில்லியில் மட்டும் 2,733 பேர் என்பது அரசுக் கணக்கு. அவர்கள் விழுந்த இடங்களிலும் கண்ணாடி இல்லை. கதை தோட்டத்து வாசலோடு நின்றுவிடுகிறது.

ராஜீவ் காந்தியின் உடைகளும் காலணியும் இங்கேதான் இருக்கின்றன. 1991 மே 21, ஸ்ரீபெரும்புதூர். அந்த ஊர்ப் பெயரைப் பார்த்ததும் தமிழ்நாட்டுக்காரர்களின் குரல் தானாகத் தாழ்கிறது. அன்று அவரோடு செத்துப்போன காவலர்கள், கட்சிக்காரர்களின் பெயர்களில் நமக்கு எத்தனை தெரியும்? தெரியாது என்பதில் இந்த மாதிரி நினைவகங்களுக்கும் பங்கு உண்டு.

"இது ஒரு குடும்பத்தின் துக்கம், வரலாற்றுப் பாடப்புத்தகம் இல்லையே" என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் இது அரசு பங்களா, ஒரு பிரதமர் வேலை பார்த்த இடம். பொதுச் சொத்தில் வைக்கப்படும் துக்கம் பொதுவானதாக இருக்க வேண்டாமா? இந்த அருங்காட்சியகம் பொய் சொல்கிறது என்று நான் சொல்லவில்லை. எதன் முன்னால் நின்று அழ வேண்டும் என்பதை அதுவே முடிவு செய்துவிடுகிறது என்பதுதான் என் விமர்சனம்.

அடுத்த முறை தில்லி போனால் அவசியம் பாருங்கள். அன்றைக்கே நேரம் ஒதுக்கி, கணவனை இழந்த சீக்கியப் பெண்கள் குடியேற்றப்பட்ட திலக் விஹாருக்கும் போய் வாருங்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அந்தக் கதை முழுமையாகும்.